எத்தியோப்பியாவுக்குத் தனியாக வேலைக்குப் போனபோது

2019 ஜூன் இரண்டாம் வாரம் திருப்பூரிலிருந்து எத்தியோப்பியாவுக்குக் கிளம்பினேன். ஆறு வார வேலை. பனியன் கம்பெனிகளில் தையல் லைனுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். யாரை எந்த மிஷினில் உட்கார வைப்பது, ஒரு பீஸ் எங்கே தேங்கி நிற்கிறது, ஓவர்லாக்கில் துணி இழுபடாமல் எப்படிப் பிடிப்பது, இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே சுமார் 275 கிலோமீட்டரில் ஹவாசா என்று ஒரு ஏரிக்கரை ஊர். ஜவுளிக்கும் ஆயத்த ஆடைக்கும் என்றே அங்கே ஒரு தொழிற்பூங்காவை 2016இல் திறந்தார்கள். அதில் ஒரு யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் என்னை அனுப்பினார்கள்.

அதற்கு முன் நான் நாட்டை விட்டு வெளியே போனதில்லை. வீட்டில் கணவர், ஏழு வயது மகள், எங்கம்மா. கிளம்ப மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் பெட்டியில் என்ன வைப்பது என்ற பேச்சிலேயே போனது. ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். சோப்பு, குடை, கயிறு, குட்டி குக்கர், பத்து நாளைக்குப் பலகாரம் என்று இரண்டு பெரிய பெட்டி நிரம்பியது. போய்ப் பார்த்தால் அதில் பாதி ஹவாசா கடையிலேயே கிடைத்தது. கிடைக்காமல் நான் தவித்ததெல்லாம் பெட்டியில் வைக்கக்கூடிய பொருளே இல்லை.

இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன். இதை ஊரில் இருக்கும்போது மட்டும்தான் செய்ய முடியுமா, இல்லை அங்கே போயும் செய்துகொள்ளலாமா? போய்ச் செய்துகொள்ளலாம் என்றால் அப்படியே விட்டுவிடுவேன். ஊரில் மட்டும்தான் முடியும் என்றால் அன்றைக்கே உட்கார்ந்து முடித்துவிடுவேன். இப்படி வைத்துக்கொண்டால் தயாரிப்பு என்பது அரை நாள் வேலைதான், ஒன்றே ஒன்றைத் தவிர.

அது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியா போன்ற நாடுகளுக்குப் போய்விட்டு இந்தியா திரும்பினால், இங்கே விமான நிலையத்தில் இந்த ஊசி போட்ட சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பே ஊசிக்குத் தேதி பார்க்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இது கிடையாது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். நான் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போய், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். மஞ்சள் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதில் எழுதிய பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று 2016இல் விதி மாறிவிட்டது. அதனால் அந்தப் புத்தகம் இன்றும் என் பாஸ்போர்ட் உறைக்குள்தான் இருக்கிறது.

மற்றவை சின்ன வேலைகள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துக்கொள்வது. பவர் பேங்க்கைக் கைப்பையில் வைப்பது, பெரிய பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். அங்கே கரண்ட் நம்மூர் மாதிரியேதான், ஆனால் பிளக் உருண்டையான இரண்டு முனை. போன் சார்ஜர் பெரும்பாலும் பொருந்திவிடும், லேப்டாப்பின் மூன்று முனை பொருந்தாது. ஒரே ஒரு மாற்று பிளக்கும், நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் கொண்டுபோனால் எல்லாவற்றையும் அதிலேயே சொருகிக்கொள்ளலாம். ஜூன், ஜூலை அங்கே மழைக்காலம். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர், ராத்திரியில் ஊட்டி குளிர் குளிரும். ஸ்வெட்டர் ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் நான் செய்யாமல் விட்டது ஒன்று. என் இந்திய நம்பருக்கு ரோமிங் போடவில்லை. வீண் செலவு, வாட்ஸ்அப் போதும் என்று நினைத்தேன். மகளின் பள்ளிக் கட்டணத்தை என் கணக்கிலிருந்து கட்ட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஓடிபி வராது என்று. ஓடிபி இல்லாமல் பேங்க் ஆப் திறக்காது, கார்டு வேலை செய்யாது. ரோமிங்கை அங்கிருந்து போடலாம் என்றால் அதற்கும் ஒரு ஓடிபி கேட்டது. குறுஞ்செய்தி வருகிற அளவுக்காவது ரோமிங் போட்டுவிட்டு, கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன் செய்துவிட்டுத்தான் வாசல்படி தாண்ட வேண்டும்.

சிம் கார்டு ஹவாசாவில் வாங்கினேன். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். அந்த ரசீதில் போட்டிருந்த தேதி 8/10/2011. கடைக்காரர் தப்பாக எழுதிவிட்டார் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். எத்தியோப்பியாவுக்குத் தனி நாட்காட்டி. பதிமூன்று மாதம், நம் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால். நான் சிம் வாங்கிய 2019 ஜூன் 15 அவர்களுக்கு 2011, செனே மாதம் 8. ஊர் திரும்பிச் செலவுக் கணக்கு கொடுக்கும்போது எங்கள் அக்கவுண்ட்ஸில் எல்லா ரசீதையும் திருப்பி அனுப்பினார்கள். வாங்கும்போதே ஒவ்வொன்றின் பின்னாலும் நம் தேதியை எழுதியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

தேதியை விட நேரத்தில்தான் எனக்கு நஷ்டம். அவர்களுக்கு நாள் தொடங்குவது விடியலில். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவது போலத்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை, லைனில் வேலை செய்யும் ஒரு பெண் அவள் வீட்டுக்கு அழைத்தாள். இரண்டு மணிக்குத் தம்பியை அனுப்புகிறேன் என்றாள். அவள் சொன்னது காலை எட்டு மணி. நான் மத்தியானம் இரண்டு மணிக்குப் புடவை கட்டி வாசலில் நின்றேன். காலையில் அந்தப் பையன் வந்து கேட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். மறுநாள் அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அதற்குப்பின் யார் நேரம் சொன்னாலும் "ஹபேஷா நேரமா, பெரஞ்சி நேரமா?" என்று கேட்டுவிடுவேன். ஹபேஷா என்றால் அவர்கள், பெரஞ்சி என்றால் வெளிநாட்டார். பஸ், டாக்டர், கூட்டம் எதற்கானாலும் இந்தக் கேள்வி அவசியம்.

இனி ஜூன் 22ஆம் தேதிக்கு வருகிறேன். சனிக்கிழமை.

அதற்கு முந்தைய வாரம் பள்ளித் தேர்வு நடந்தபோது நாடு முழுக்க நெட்டை நிறுத்தியிருந்தார்கள் என்று லைனில் பெண்கள் சொல்லியிருந்தார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப் என் இந்திய நம்பரிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே வாங்கிய சிம் நம்பரை வீட்டில் யாருக்கும் கொடுக்கவும் இல்லை. தங்கியிருந்த விடுதியின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. "ஒரு கெஸ்ட் ஹவுஸ், நல்லா இருக்கு" என்பதோடு சரி.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு மகளுக்கு ஏரிக்கரைப் படம் அனுப்பப் பார்த்தேன். ஹவாசா மீன் சந்தையில் மராபூ நாரை என்று ஒரு பறவை, மனிதர் இடுப்பைத் தாண்டிய உயரம், மொட்டைத் தலை, மீனவர்களுக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்பது போல நிற்கும். அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. விடுதி வைஃபையும் இல்லை, சிம்மிலும் இல்லை. நெட் அவ்வப்போது இப்படித்தான் என்று தூங்கப் போய்விட்டேன்.

அன்று மாலை வடக்கே பஹிர் தாரில் அம்ஹாரா மாநிலத் தலைவரையும், ராத்திரி அடிஸ் அபாபாவில் நாட்டின் ராணுவத் தலைமைத் தளபதியையும் சுட்டுக் கொன்றிருந்தார்கள். நாடு முழுக்க நெட்டை நிறுத்திவிட்டார்கள். ஹவாசாவிலிருந்து பஹிர் தார் நேர்கோட்டிலேயே 500 கிலோமீட்டருக்கு மேல். என்னைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. காலையில் தேவாலயத்துக்கு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு எல்லோரும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தார்கள்.

திருப்பூரில் அப்படி இல்லை. எத்தியோப்பியாவில் ஆட்சியைக் கவிழ்க்க முயற்சி என்று டிவியில் அடியில் ஓடியிருக்கிறது. எங்கம்மா அதைப் பார்த்துவிட்டார். கணவர் அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கில் நின்றன. என் இந்திய நம்பரைக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வருகிறது. கம்பெனி ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அம்மா ராத்திரி முழுக்கச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கணவர் சொன்னார்.

எனக்கு விஷயம் தெரிந்ததே காலை ஒன்பது மணிக்கு, விடுதியின் சாப்பாட்டு அறையில். அங்கே இன்னொரு யூனிட்டில் வேலை செய்யும் இலங்கைக்காரர் ஒருவர் தங்கியிருந்தார், வவுனியாக்காரர், ஐம்பது வயது இருக்கும். அந்தப் பூங்காவில் இலங்கையிலிருந்து வந்த நிறுவனங்களும் உண்டு. அவர்தான் ரேடியோவில் கேட்டுச் சொன்னார். "வீட்டுக்குக் கதைச்சிட்டீங்களோ?" என்றார். நெட் இல்லையே என்றேன். "நெட் இல்லாட்டி என்ன, போன் வேலை செய்யுதுதானே" என்றார்.

சாதாரணமாகப் போன் போட்டுப் பேசலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. சிம்மில் காசும் இல்லை. தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஓடி 100 பிர் (அந்த நாட்டுப் பணம்) ரீசார்ஜ் கார்டு இரண்டு வாங்கினேன். நாணயத்தால் சுரண்டி, *805* போட்டு அந்த எண்ணை அடித்து, பிறகு +91 போட்டுக் கணவர் நம்பரை அடித்தேன். நல்ல வேளை அவர் நம்பர் மனப்பாடம். அம்மா நம்பர் மனப்பாடம் இல்லை. மூன்றாவது தடவை லைன் கிடைத்தது. கணவர் ஒன்றும் பேசவில்லை, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "சாமி, எங்க இருக்கற? சாப்பிட்டியா?" என்று கேட்டார் அம்மா. அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

அன்று மத்தியானம் அந்த வவுனியாக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க என்னால் தூக்கம் இல்லாமல் போனதே என்று எனக்கு மனது ஆறவில்லை. அவர் சொன்னார்: "யோசியாதேங்கோ தங்கச்சி. எங்கட ஊரில சண்டை நேரம் கடிதம் போய்ச் சேரவே மாசக்கணக்காகும். அப்ப வீட்டை விட்டு வெளிக்கிடேக்க அம்மாட்டச் சொல்லிட்டுத்தான் வெளிக்கிடுவம், என்னட்ட இருந்து ஒண்டும் வரேல்லை எண்டா நான் சுகமா இருக்கிறன் எண்டு நினையுங்கோ, ஏதும் பிரச்சினை எண்டா எப்பிடியாவது ஆள் விட்டுச் சொல்லுவன் எண்டு."

எனக்கு அது நெஞ்சில் தைத்தது. தினமும் எத்தனை மணிக்குப் பேசுவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். பேச்சு வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று பேசி வைக்கவே இல்லை. அதனால் வீட்டில் இருந்தவர்கள் அவரவர் பயத்துக்குத் தோன்றிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பெரும்பாலும் நெட் இல்லாமலேயே போனது. போனிலேயே ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தோம். நான் ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்ட, கணவர் அதையே எழுதிக்கொண்டார். விடுதியின் பெயர், போன் நம்பர், எந்தத் தெரு. என் எத்தியோப்பிய நம்பர். கூட வேலை செய்யும் இரண்டு பேர் நம்பர், அதில் ஒருவர் கட்டாயம் உள்ளூர்க்காரர். அடிஸ் அபாபாவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் நம்பர். பாஸ்போர்ட் எண், பயணக் காப்பீட்டு எண். அந்தத் தாளின் ஒரு பிரதி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், இன்னொன்று என் பாஸ்போர்ட் உறைக்குள். கரண்ட் போய்ப் போன் செத்துவிட்டால் போனுக்குள் இருக்கும் நம்பர் உதவாது, அதனால் தாள்தான்.

பிறகு நேரம். அங்கே மாலை ஆறு மணி, இங்கே எட்டரை. மகள் தூங்கும் முன் பேசிவிடலாம். ஒரு நாள் பேச்சு வராவிட்டால் நெட் இல்லை, கரண்ட் இல்லை, அல்லது வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம், யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். மறுநாள் இந்திய நேரம் மத்தியானம் பன்னிரண்டு வரை ஒன்றும் வராவிட்டால் என் எத்தியோப்பிய நம்பர். அதுவும் எடுக்காவிட்டால் விடுதி, பிறகு உள்ளூர்க்காரர், பிறகு கம்பெனி. தூதரகம் கடைசி. எனக்கு ஒன்று என்றால் சொல்ல வேண்டியது யார் என்பதையும் அந்த உள்ளூர்ப் பெண்ணிடம் பேசி வைத்தேன். அவள் என் லைனில் சூப்பர்வைசர். கணவர் நம்பரை அவள் போனில் போட்டு, ஒரு முறை அவளையே கூப்பிடச் சொன்னேன். ஒருவருக்கொருவர் ஒரு வணக்கம் சொன்னாலே போதும், பிறகு அவசரத்தில் அது யார் நம்பர் என்று தடுமாற வேண்டாம்.

என் சிம்மில் எப்போதும் பத்து நிமிடம் இந்தியாவுக்குப் பேசுகிற அளவு காசு வைத்திருந்தேன். சுரண்டாத ரீசார்ஜ் கார்டு ஒன்று பர்ஸில்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ஜூலை 18 அன்று தெரிந்தது. ஹவாசாவைச் சுற்றி வாழும் சிதாமா மக்கள் தங்களுக்குத் தனி மாநிலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அதை அறிவிக்கப்போவதாகப் பேச்சு. இந்த முறை பதற்றம் நான் இருந்த ஹவாசாவிலேயே. நெட்டும் போனது. ஃபேக்டரி வேன் வரவில்லை, விடுதிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள், யாரும் வெளியே போக வேண்டாம் என்றார்கள். காலையிலேயே வீட்டுக்கு ஒரு நிமிடம் பேசினேன். உள்ளே இருக்கிறோம், அரிசி பருப்பு இருக்கிறது, ராத்திரி பேசமாட்டேன், நாளை பேசுகிறேன் என்றேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி அம்மா தூங்கினார் என்று கணவர் சொன்னபோது என் கையில் இருந்த நடுக்கம் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து, பின்பு சிதாமா தனி மாநிலமும் ஆனது.

தொடர்பு என்றால் ஊரோடு மட்டும் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். மாலை ஆனால் அறைக்குள் போனோடு உட்கார்ந்துவிடுவேன். நெட் போன அந்த வாரத்தில்தான் சாயங்காலங்களில் வெளியே வந்தேன். முதல் ஞாயிறு நான் தவறவிட்ட வீட்டுக்கு அந்த வாரம் போனேன். தரையில் பசும்புல் பரப்பி, பச்சைக் காப்பிக் கொட்டையை எங்கள் கண் முன்னால் வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் கையால் விசிறி விட்டாள் அவள் அம்மா. இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்க வைத்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. பெரெக்கா என்றால் ஆசீர்வாதம். அது வரும் முன் எழுந்து போவது முறையில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. எனக்குத் தெரிந்த அம்ஹாரிக் இரண்டே சொல், செலாம், அமெசெகினாலோ. வணக்கம், நன்றி. அதை வைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். அதற்குப்பின் அந்த ஊரில் எனக்குத் தனியாக இருப்பது போல் தோன்றவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். நான் சைவம். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பார்கள், அன்று கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். "த்சோம்" என்று சொன்னால் விரதச் சாப்பாடு தருவார்கள். இஞ்செரா நன்றாகப் புளித்த மாவில் ஊற்றிய பெரிய தோசை போல. ஷிரோ என்றால் நம் பாம்பே சட்னியைக் கெட்டியாக்கி மிளகாய் கூட்டினது போல இருக்கும். ஊரிலிருந்து பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் போதும்.

2023 ஏப்ரலில் மறுபடி போனேன். சென்னையிலிருந்தே அடிஸ் அபாபாவுக்கு நேர் விமானம் வந்துவிட்டது. ஒரே பெட்டி, அதிலும் பாதிக்கு மேல் லைனுக்கான மாதிரித் துணிகள். அந்த மாதங்களில் அங்கே டெலிகிராமும் ஃபேஸ்புக்கும் திறக்கவில்லை. ஹவாசாவில் எனக்குத் தெரிந்த பல பெண்கள் வேலையில் இல்லை. வரியில்லாமல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் சலுகையை 2022 ஜனவரியில் எத்தியோப்பியா இழந்ததும் பல யூனிட்டுகள் ஆளைக் குறைத்துவிட்டன. அந்த சூப்பர்வைசர் பெண் மட்டும் இருந்தாள். கணவர் நம்பர் இன்னும் அவள் போனில் இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு மாலை மழையோடு கரண்ட் போனது, நெட்டும் போனது. நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மறுநாள் வேலைக்குக் குறிப்பு எழுதிவிட்டுத் தூங்கினேன். மறுநாள் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவள்தான் எடுத்தாள். "நேத்து அங்க கரண்ட் இல்லியாம்மா?" என்றாள். ஆமாம் கண்ணு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அறிவியல் கண்காட்சிக்கு அவள் செய்யப்போகும் காற்றாலையைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.